உன் அம்மா சொன்னதும் நான் எழுதியதும்

சேசு மரி சூசை துணை

சேலம், அஸ்தம்பட்டி
1936-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 4-ந் தேதி, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள குமாரன் சின்னப்பராஜுக்கு அப்பா சூசைமாணிக்கம் எழுதிக்கொள்வது. சர்வேசுரன் கிருபையால் நீ ஹாங்காங்கில் தேக சுகத்தோடு இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே யாவரும் சுகம் என்று எழுதித்தான் ஒன்பது வருஷமாக ஒவ்வொரு கடிதத்தையும் ஆரம்பித்திருக்கிறேன், இன்றைக்கு அந்த வரியை எழுத என் கைக்கு யோக்கியதை இல்லை. காகிதத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் இல்லாததைப் பார்த்ததுமே உனக்கு விஷயம் புரிந்திருக்கும். அறையில் இருக்கிறாயோ ஆபீசில் இருக்கிறாயோ, எங்கே இருந்தாலும் முதலில் உட்கார்ந்துகொள் சாமி. உன் அம்மா ஞானமேரி போன மாதம் இருபதாம் தேதி, திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு நம்மை விட்டுப் போய்விட்டாள். சனிக்கிழமையே பங்குச் சாமியார் வந்து கடைசி அவஸ்தைப் பூசுதல் கொடுத்திருந்தார், ஞாயிற்றுக்கிழமை முழுதும் நினைவு தப்பவில்லை, இரண்டு மடக்குக் கஞ்சியும் இறங்கியது. பக்கத்து வீட்டு இன்னாசிமேரி டீச்சர்தான் கூட இருந்து பார்த்துக்கொண்டாள். இந்த டீச்சரை உனக்குத் தெரியாது, நீ கப்பல் ஏறின மறு வருஷம் கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்கு வந்தவள், உன் அம்மாவை அக்கா என்றும் என்னை அண்ணா என்றும் கூப்பிடுவாள். திங்கட்கிழமை சாயங்காலமே அடக்கம் ஆயிற்று. முதல் பிடி மண் மகன் போட வேண்டியது, நீ இல்லாததால் உன் பங்குக்கு ஒரு பிடி நானே போட்டுவிட்டு என் பங்குக்கு இன்னொரு பிடி போட்டேன். நாலு பெற்றதில் நீ ஒருவன்தான் மிஞ்சினாய், அந்த ஒருவனுடைய மண்ணும் அவளுக்கு என் கையால்தான் விழுந்தது.

ஏன் தந்தி அடிக்கவில்லை என்று கேட்பாய், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அடக்கத்துக்கு மறுநாள் தந்தி ஆபீஸ் வாசல் வரைக்கும் போனேன், உன் பந்து உருட்டும் பந்தயத்துக்கு இன்னும் இருபத்தைந்து நாள் இருக்கிறது, இப்போது தெரிந்தால் உன் குறி தப்பிப்போகும் என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். தபாலில் போட்டால் உனக்குக் கிடைக்கிறபோது பந்தயம் முடிந்திருக்கும் என்று கப்பல் நாளைப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இது என் இரண்டாவது குற்றம். முதல் குற்றம் இதைவிடப் பெரியது, அதைச் சொல்லுகிற வரைக்கும் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடாதே.

போன தை மாதமே உன் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று டாக்டர் பார்த்துச் சொல்லிவிட்டார். அவளை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு என்னிடம் மட்டும் சொன்னார், அறுத்துப் பார்க்கிற நிலையைத் தாண்டிவிட்டது, இந்த மழைக்காலம் தாங்கினால் ஆச்சரியம் என்றார். நான் வெளியே வந்து வாயுக்கோளாறு என்று சொன்னேன். அவள் வழியில் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பேரம் பேசினாள், நான் தப்பித்தேன் என்று நினைத்தேன். பிப்ரவரி இரண்டாம் தேதி, மெழுகுதிரித் திருநாள் பூசை முடிந்து வந்ததும், பையனுக்கு ஒரு கடுதாசி எழுதோணும், காயிதத்த எடுங்க, நான் சொல்லச் சொல்ல எழுதுங்க என்றாள். வழக்கமாக நான் எழுதி முடித்த பிறகு, நானும் கேட்டதா எழுதுங்க என்பதோடு நிறுத்துகிறவள். அன்றைக்குச் சுவரில் சாய்ந்துகொண்டு ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். என்ன சொன்னாள் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். நானும் பேனாவை ஓட்டிக்கொண்டேதான் இருந்தேன். அவள் சொன்னது ஒன்று, நான் எழுதினது ஒன்று. அம்மா சௌக்கியம், வயலட் நிறச் சீலை ஒன்று எடுத்தோம், நீ பந்தயத்தில் கவனமாக இருக்கச் சொல்லுகிறாள் என்று எழுதினேன். எழுதப் படிக்கத் தெரியாத அந்த மகராசி, நான் மடித்துக் கொடுத்த காகிதத்தை வாங்கி, உட்கார முடியாத வலியிலும் அம்மிக்குப் போய் மஞ்சளை உரசிக்கொண்டு வந்து நாலு மூலையிலும் தன் விரலால் வைத்தாள். தன் வார்த்தை உள்ளே இருக்கிறது என்று நினைத்துத்தான் வைத்தாள்.

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்றால், அதற்கு முந்தின கடிதத்தில் நீ எழுதியிருந்தாய், வரும் ஆகஸ்டில் ஷாங்காய்க்காரர்களோடு நடக்கிற போட்டிக்கு உன் பெயரைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அதுவும் நாலு பேரில் கடைசிப் பந்து உருட்டுகிற தலைவனாக, ஆனால் மே மாதம் ஊருக்கு வர நாலு மாத லீவு பாக்கியிருக்கிறது, என்ன செய்யட்டும் என்று. உன் ஆட்டத்தின் சரித்திரத்தை உன்னைவிட நான் நன்றாகச் சொல்வேன். மெட்ரிக்குலேஷன் எழுதிவிட்டு வேலையில்லாமல் இருந்த வருஷம், நான் புல்தரை பார்க்கிற துரைமார் கிளப்பில் கீறல் விட்டது என்று தூக்கிப் போட்ட ஒரு மரப்பந்தை நான் கொண்டுவந்து கொடுத்தேன், பக்கத்துக் காட்டுப் பெரியசாமியின் சோளக்களத்தில் சாணி மெழுகின தரையில், பனங்கொட்டைக்குச் சுண்ணாம்பு அடித்துக் குறியாக வைத்து நீ தினமும் உருட்டினாய். அந்தப் பந்து முழு உருண்டை இல்லை, ஒரு பக்கம் கனம், வெளியே பார்த்து உருட்டினால்தான் வளைந்து உள்ளே வந்து குறியை அணையும் என்று நீ அம்மாவுக்கு உருட்டிக் காட்டினபோது, வெளிய போறாப்புல போயிட்டு ஊட்டுக்கே வந்துருதே சாமி என்று சிரித்தாள். அப்புறம் கிளப்புக்கு வரும் இஞ்சினீயர் துரை ஹாங்காங் கப்பல்துறைக்கு மாற்றலாகிப் போகையில் உன்னைக் குமாஸ்தாவாகக் கூட்டிக்கொண்டு போனார். இருபத்தொன்பதில் அங்கே இந்தியர் கிளப்பில் தனியாட்டக் கோப்பை, முப்பத்திரண்டில் ஒரு பார்சிக்காரரோடு ஜோடியாட்டம், முப்பத்துநாலில் ஊர் முழுதுக்கும் சேர்த்து நடந்த போட்டியில் வெள்ளைக்காரர்களை வரிசையாக ஜெயித்தது, போன வருஷம் ஷாங்காய்க்கு மாற்று ஆளாகக் கூட்டிப்போய் ஒரு பந்துகூட உருட்ட விடாமல் மூன்று நாள் பெஞ்சில் உட்கார வைத்தது, அத்தனையும் நீ அனுப்பின பத்திரிகைத் துண்டுகளோடு தகரப் பெட்டியில் இருக்கிறது. உன் முதல் பந்தயத்தில் பந்தைப் பக்கம் மாற்றிப் பிடித்து, அது அடுத்தவன் தரைக்கு ஓடிப்போய் எல்லோரும் சிரித்தார்கள் என்று எழுதினாயே, அந்த வரியைப் படித்துவிட்டு நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவ்வளவு பைத்தியம் எனக்கு.

உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. பத்தொன்பதாம் வருஷம், சண்டை முடிந்து துரைமார் திரும்பி வந்த சமயம், ஒரு சாயங்காலம் ஆட்டத்துக்கு ஓர் ஆள் குறைந்தது. புதிதாக வந்திருந்த ஒரு சின்னத் துரை விளையாட்டாக, சூசை, நீ ஒன்று உருட்டு என்று பந்தை என் கையில் கொடுத்தார். அருகம்புல் வைத்து, தண்ணீர் விட்டு, வண்டிக்காரப் பச்சமுத்துவின் மாட்டுக்குக் குளம்பில் தோல் உறை கட்டிக் கல்லுருளை இழுத்து, உள்ளங்கை மாதிரி நான் வைத்திருந்த தரை அது. எந்த இடம் ஓடும், எந்த இடம் இழுக்கும் என்று என் பாதத்துக்குத் தெரியும். உருட்டினேன். போய்க் குறியாக வைத்த வெள்ளைக் குட்டிப்பந்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. செக்ரட்டரி துரை வந்து அந்தப் பந்தைச் சோப்புப் போட்டுக் கழுவி வைக்கும்படி உத்தரவு போட்டார். கழுவினவனும் நான்தான். அதை அன்று ராத்திரி உன் அம்மாவிடம் மட்டும் சொன்னேன், அவள் எனக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு பதினேழு வருஷம் ஆகிவிட்டது, அந்தத் தரையில் வேலைக்குத்தான் கால் வைக்கிறேன், ஆட்டத்துக்கு வைத்ததில்லை. என் மகன் வெள்ளைக்காரர் மூன்று பேருக்குத் தலைவனாக நின்று கடைசிப் பந்து உருட்டுகிறான் என்றால், அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை சாமி. பெண்சாதி சாகக் கிடக்கிறாள் என்று தெரிந்தும் வரவில்லை. இதற்கு மேல் எனக்குச் சமாதானம் ஒன்றும் இல்லை.

உன் பதில் ஏப்ரலில், ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்துத் திங்கட்கிழமை வந்தது. அம்மா சுகமாக இருப்பதால் நிம்மதி, லீவை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவிட்டேன், பந்தயம் ஆகஸ்டு பதினைந்தாம் தேதி என்று எழுதியிருந்தாய். அவள் எழுந்து உட்கார்ந்து, படியுங்க படியுங்க என்றாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகு அதில் இருக்கிறதைப் படிக்க எனக்கு வாய் வரவில்லை. மே மாதம் பத்தாம் தேதி கப்பல் ஏறுகிறேன், அம்மாவை விசாரித்ததாகச் சொல்லவும் என்று இல்லாததைப் படித்தேன். உன் கடிதம் எதுவானாலும் மூன்று தரம் படிக்கச் சொல்லிக் கேட்பாள், உனக்குத் தெரியும். இரண்டாம் தரம் படிக்கச் சொன்னாள். முதலில் என்ன படித்தேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை, சித்திரை கழிந்ததும் புறப்படுகிறேன் என்று ஏதோ படித்தேன். மூன்றாம் தரம் அவள் கேட்கவில்லை. களைத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு மூன்றரை மாதம் நான் உன்னைக் கப்பலில் கூட்டிவந்துகொண்டிருந்தேன். மே மாதம் உன்னைப் புறப்படவைத்தேன், சிங்கப்பூரில் அம்மை நோய் என்று கப்பலை நிறுத்திவைத்தேன், பினாங்கில் இயந்திரம் பழுது என்றேன். அவளும் தினம் கேட்பாள், கப்பலு இப்ப எங்கீங்க வருது என்று. ஒரு நாள் சங்ககிரியிலிருந்து அவள் அண்ணன் மாட்டு வண்டியில் வந்து இறங்கினபோது, என்ற அண்ணன் வண்டியே வந்துருச்சு, உங்க கப்பலு இன்னும் வரலீங்களே என்று சொல்லிச் சிரித்தாள். நானும் கூடச் சிரித்தேன். ஜூன் மாதம் வலி அதிகமாகி ஒரு தரம் தந்தி ஆபீசுக்குப் போனேன், தந்தி கொடுத்து நீ உடனே புறப்பட்டிருந்தால் ஜூலைக்குள் வந்து சேர்ந்திருப்பாய், அவளைப் பார்த்திருப்பாய். படிவத்தை வாங்கி உன் விலாசம் வரைக்கும் எழுதிவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அந்தப் படிவம் இன்னும் என் சட்டைப் பையில் இருக்கிறது. அவளை அடக்கம் செய்த மறுநாள் காலை, மழை இல்லாமல் புல் காய்கிறதே என்று கிளப்புக்குப் போய்த் தண்ணீர் விட்டேன், இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தந்தி ஆபீஸ் வாசலுக்குப் போனதும் அங்கிருந்துதான்.

இத்தனைக்கும் நடுவில் எனக்கு ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. மகன் வந்துகொண்டிருக்கிறான் என்ற சந்தோஷத்தோடு கண்ணை மூடினாள், அந்த மட்டில் சரி என்பதுதான் அது. முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை அவள் ஆத்துமத்துக்காகப் பூசை வைத்துவிட்டு வருகிற வழியில் இன்னாசிமேரி டீச்சரிடம் அதைச் சொன்னேன். அவள் நடந்துகொண்டிருந்தவள் நின்றுவிட்டாள். இல்லீங்கண்ணா, அக்காளுக்குத் தெரியுமுங்க என்றாள். அப்புறம் அழுதுகொண்டே சொன்னாள். நான் உன் கடிதத்தை மாற்றிப் படித்த மறுநாள், நான் கிளப்புக்குப் போனதும், உன் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து தகரப் பெட்டியைத் திறந்து கடிதத்தை எடுத்து, டீச்சரைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தாளாம். ஒரு கடுதாசிய ரண்டு வாட்டி படிச்சா ஒரே மாதிரி இருக்கோணுமில்ல, நேத்து இவரு படிச்சது மாறிப்போச்சு, நீ உள்ளத உள்ளபடி படி தாயி என்றாளாம். டீச்சர் முழுதும் படித்திருக்கிறாள், அம்மா சுகமாக இருப்பதால் நிம்மதி என்ற வரி உள்பட. தன் வார்த்தை உனக்குப் போய்ச் சேரவில்லை என்பதும் அப்போதே அவளுக்குத் தெரிந்துபோயிற்று. டீச்சர் பொறுக்காமல், நான் இப்பவே ஒரு கடிதம் எழுதிப் போட்டுவிடுகிறேன் அக்கா, தம்பி வந்துவிடும் என்றிருக்கிறாள். உன் அம்மா கடிதத்தை வாங்கிப் பெட்டியில் பழையபடி வைத்தாளாம். பிறகு, வேண்டாம் தாயி என்றாளாம். இவரு அந்தப் புல்லுக்கு எத்தன வருசமாத் தண்ணி ஊத்தறாரு, ஒரு நாளு அதுல நின்னு ஆடுனதில்ல, ஒரே ஒரு பந்து உருட்டுனதுக்கு அதயும் கழுவ வெச்சுப்போட்டாங்க, மவன் காலுலயாச்சும் ஒருக்கா நின்னுக்கிடட்டும், நீ இவருகிட்ட எதயும் சொல்லிப்போடாத, வெக்கப்பட்டுப் போவாரு என்றாளாம். பதினைந்தாம் தேதி மாதா மோட்சத்துக்குப் போன திருநாள், அன்னிக்குப் போயி என்ற பையனுக்குக் குறை வருமா என்று சொல்லி, அன்றிலிருந்து உன் பந்தயத்துக்காகத் தினம் செபமாலையில் பத்து மணி கூடுதலாக உருட்டினாளாம். கப்பல் எங்கே வருகிறது என்று தினமும் கேட்டதெல்லாம் எனக்காகத்தான். என் பொய்க்குத் துணையாக அவள் அங்கே படுத்துக்கொண்டு கப்பலுக்குக் காத்திருந்த மாதிரி நடித்திருக்கிறாள். நான் நடித்தேன் என்று நினைத்தேனே, நான் ஒரு மண்ணும் நடிக்கவில்லை.

அந்தக் கீறல் பந்துக்குச் சனிக்கிழமை தவறாமல் விளக்கெண்ணெய் தடவி, வெடிக்காமலிருக்க ஈர மணல் பானையில் உன் அம்மா வைத்திருப்பாள், உனக்கு எழுதியிருக்கிறேன். இரண்டு சனிக்கிழமை நான் அதை நினைக்கவில்லை. நேற்று எடுத்துப் பார்த்தேன், ஆடிக் காற்றுக்கு முழுதும் வெடித்துவிட்டது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு வாய்விட்டு அழுகை வந்தது.

இனி அவள் பிப்ரவரியில் சொன்னதை எழுதுகிறேன். ஒரு வார்த்தைகூட நான் மறக்கவில்லை, மறக்க முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாமி, எனக்கு ஒடம்பு சொகமில்ல. டாக்டரு உங்கப்பாருகிட்ட என்னமோ சொல்லியிருக்காரு, இவரு எங்கிட்டச் சொல்லல, மொகத்தப் பாத்தே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நீ ஒருக்கா வந்துட்டுப் போ. ரொம்ப நாளு இருக்கோணும்னு இல்ல, நாலு நாளு போதும். எனக்கு உங்கிட்டச் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல, சும்மா கிட்ட ஒக்காந்திரு. உன்ற பந்து வெளிய போயிட்டு ஊட்டுக்குத் திரும்புமே, அப்பிடித் திரும்பு சாமி. உங்கப்பாரு ஏதாச்சும் சொன்னாக் கோவிச்சுக்காத, அவரு நல்லவரு. இவ்வளவுதான் அவள் சொன்னது. ஆறு மாதம் தாமதமாக எழுதி அனுப்புகிறேன்.

நீ வேளைக்குச் சாப்பிடு, அங்கே குளிர் ஆரம்பிக்கும் முன்னே கம்பளிச் சட்டை வாங்கிக்கொள், மார்ச்சளி உனக்குச் சீக்கிரம் பிடிக்கும். பாவசங்கீர்த்தனம் செய்து அம்மாவுக்காக ஒரு பூசை வைக்கச் சொல். எனக்காக ஆடவும் வேண்டாம், எனக்காக ஆட்டத்தை விடவும் வேண்டாம், அந்த ஆட்டத்தில் உன் அம்மாவின் செபமும் கிடக்கிறது. ஜெயித்தாயா என்று கேட்க இப்போதும் எனக்கு நாக்கு துடிக்கிறது, இந்த நாக்கை என்ன செய்வதென்று தெரியவில்லை. சர்வேசுரனும் தேவமாதாவும் உன்னைக் கண்ணின் மணியாகக் காப்பாற்றட்டும், அம்மாவின் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு, என்னுடையதை வேண்டுமானால் எடுத்துக்கொள், வேண்டாமென்றால் விட்டுவிடு. ஒன்று மட்டும் மறக்காதே. பதில் எழுதினால் என் பெயருக்கு எழுதாதே, இன்னாசிமேரி டீச்சர் பெயருக்கு எழுது. என்னைப் பற்றி நீ என்ன எழுதியிருந்தாலும் அவள் உள்ளதை உள்ளபடி படிக்கட்டும், நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு மூன்று தரம் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
சூசைமாணிக்கம்